வாகை மரத்து முதல் ஆணி

எங்கள் வீட்டு வாசற்காலை இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் அவர் பேச ஆரம்பிப்பார். ஆள் வந்திருக்கிறேன் என்று காட்டுவதற்காகத் தட்டுகிறார் என்று நினைத்தால் ஏமாந்தோம். தட்டுவார், காதை மரத்தின்மேல் வைப்பார், கொஞ்ச நேரம் கேட்பார், மரத்துக்கு ஒன்றும் கெடுதல் இல்லை என்று மனசு ஆறிய பிறகுதான் மனுஷர்களைத் திரும்பிப் பார்ப்பார்.

"வாசக்கால் நல்லா கீதும்மா" என்பார்.

"வாசக்கால் நல்லாத்தான் கீது. நீ இன்னாத்துக்கு வந்தே, அத்தச் சொல்லு" என்பாள் என் அம்மா. அந்த நாளில் அவள் அவரோடு ஒரு வார்த்தை நல்லபடியாகப் பேசி நான் கேட்டதில்லை.

ராயபுரத்தில் துறைமுகத்தை ஒட்டி இருந்த ஒரு மரக்கிடங்கில் அவருக்கு வேலை. ரங்கூனிலிருந்தும் அந்தமானிலிருந்தும் கப்பலில் வந்து இறங்குகிற கட்டைகளைத் தட்டிப் பார்த்து, வண்டு துளைத்ததை ஒரு பக்கம், நல்லதை ஒரு பக்கம் ஒதுக்கவேண்டும். நல்ல கட்டையின் முகத்தில் பித்தளை வில்லை ஒன்றை வைத்து ஆணி அடிப்பார். அதனால் அவர் மடியில் எப்போதும் நாலைந்து வில்லையும் ஆணியும் கிடக்கும். கையில் கொட்டாப்புளி, தச்சர்கள் வைத்திருக்கும் அந்த மரச்சுத்தியல். தலையில் நரைத்த குடுமி. நாங்களெல்லாம் குடியிருந்த காலடிப்பேட்டைக்கு நடந்தே திரும்புவார், வழியில் இருக்கிற மரத்தையெல்லாம் தட்டிக்கொண்டே வருவார். தெரு அவரைக் கொட்டாப்புளிக்காரர் என்றது. நான் மாமா என்று கூப்பிடுவேன். தனி ஆள். பெண்டாட்டி செத்துப் பல வருஷம் என்று சொல்வார்கள். எப்படிச் செத்தாள் என்று எங்களுக்குத் தெரியாது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியாகி, ஜனங்கள் திரும்பி வந்த சமயத்தில் வியாசர்பாடியிலிருந்து இங்கே குடிவந்தவர்கள் நாங்கள்.

அவரைத் தங்கமான மனுஷர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வம்பு பிடித்தவர். ஊர் வழக்கு எதுவானாலும் நடுவில் வந்து நிற்பார், எல்லோரும் கத்தி ஓய்ந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"மொத காயம் எங்க கீது?"

வண்டைப் பார்த்துப் பார்த்து வந்த கேள்வி அது. கட்டுமரம் வைத்திருந்த எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் மணலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். புதுசாக மரம் வெட்டி வந்து, செதுக்கப் போனால் உள்ளே முழுக்க ஓட்டை, ஓட்டை முழுக்கத் தூள். கண்ணு பட்டுவிட்டது, எவனோ செய்வினை வைத்துவிட்டான் என்று புலம்பினார். இவர் போனார், கட்டையை ஒரு புரட்டுப் புரட்டினார்.

"இத்த யாரு கொத்துனது?"

"நாந்தான். மரம் நிக்கச்சொல்லோ, உள்ள எப்டி கீதுன்னு ஒரு கொத்து கொத்திப் பாத்தேன். அப்பால மனசு ஒட்லன்னு வந்துட்டேன். அடுத்த மாசம் போயி வெட்டியாந்தேன்."

"அப்ப செய்வின வெச்சது நீதான். மரத்தக் கொத்திட்டு ஒரு மாசம் வுட்டுட்டு வந்துகீறே. வண்டு கண்ட மரத்துலயும் குந்தாது நைனா. தெம்பா கீற மரத்துல வாய வெச்சா பிசின் பொங்கி வந்து அத்த மூடிடும், அங்கியே சாவும். காயம் பட்ட மரம், தண்ணி இல்லாத தவிக்கிற மரம் ஒரு வாசன வுடும். அத்த மோந்துகினுதான் மொத வண்டு வரும். அது குந்திட்ச்சின்னா அது ஒரு வாசன வுடும், மத்ததெல்லாம் பின்னாலியே வந்துரும்."

கட்டுமரக்காரர் எழுந்து வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினார். "கஸ்மாலம், வாய மூடிகினு போ" என்றார். அப்புறம் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

பக்கத்துத் தெருவில் ஒருத்தி புருஷனைத் துடைப்பத்தால் விளாசிக்கொண்டிருந்தபோது இவர் உள்ளே புகுந்து அதே கேள்வியைக் கேட்டு, மிச்சம் இருந்த அடியைத் தான் வாங்கிக்கொண்டு வந்ததும் நடந்திருக்கிறது. தெருவே சிரித்தது. அவரும் முதுகைத் தடவிக்கொண்டு சிரித்தார். ஆனால் யார் வீட்டிலும் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு வாய் காப்பி கொடுத்ததில்லை. வாயைத் திறந்தால் கடைசியில் நம் தலையில் கொண்டுவந்து நிறுத்துகிறவரை யார் கூப்பிடுவார்கள்?

எங்கள் தெருக்கோடியில், கடல்பக்கம் திரும்புகிற இடத்தில் ஒரு பெரிய வாகை மரம் நின்றது. பேய் இறக்குகிற மரம். பேய் பிடித்த பெண்ணை அதன் அடியில் உட்கார்த்தி, உச்சந்தலை மயிரில் ஒரு கொத்தை ஆணியில் சுற்றி மரத்தில் அடித்து, மயிரை அறுத்துவிடுவார்கள். பேய் மயிரோடு மரத்தில் நின்றுவிடும், பெண் எழுந்து வீட்டுக்குப் போவாள். பட்டையெங்கும் துருப்பிடித்த ஆணி, ஆணிதோறும் மயிர். வெயில் காலத்தில் காய்ந்த நெற்றுகள் காற்றில் கலகலவென்று ஆடும், பேய்கள் பேசுகின்றன என்பார்கள். அடிமரத்தில் மாவு போலத் தூள் கொட்டிக்கிடக்கும், பேய் துப்பியது என்பார்கள். பூசாரி அந்தத் தூளையும் பொட்டலம் கட்டிக் கொடுப்பார், ஜனங்கள் வாங்கி நெற்றியில் பூசிக்கொள்வார்கள்.

வழியில் இருக்கிற மரத்தையெல்லாம் தட்டுவார் என்றேனே, இந்த ஒரு மரத்தை மட்டும் அவர் தட்டமாட்டார். எதிர்ப்பக்கமாக ஒதுங்கித் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார். பேய்க்குப் பயந்தவர் என்றுதான் நாங்கள் கேலி செய்தோம்.

நான் அப்போது தீப்பெட்டிக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் தங்கை மங்கா முதல் பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். கத்திரி வெயில். பிள்ளை பிறந்து ஒரு வாரம்கூட இருக்கவில்லை, போய்விட்டது. அது போன துக்கத்தில் இவள் கிடந்தாள். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வயிறு பெருத்துவிடும், ஜன்னி கண்டுவிடும் என்பார்கள். வேளைக்கு ஒரு பாலாடை வெந்நீர், அதோடு சரி. ஓட்டுக்குக் கீழே, கதவைச் சாத்திய அறையில், உடம்பு நெருப்பாகக் கொதிக்க அவள் தண்ணீர் தண்ணீர் என்று கெஞ்சினாள். நான் சொம்பைத் தூக்கினேன். அம்மா பாய்ந்து வந்து என் கையைத் தட்டிவிட்டாள்.

"அவள சாவடிக்கப் போறியாடி பாவி?"

அம்மா கொடுமைக்காரி இல்லை. மகள் பிழைக்கவேண்டுமே என்று இராப்பகலாகத் தூங்காமல் உட்கார்ந்திருந்தவள் அவள்.

மங்காவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது. சுவரைப் பார்த்துப் பேசினாள், எங்களை அடையாளம் தெரியவில்லை, புடவையை அவிழ்த்துப் போட்டாள். அப்போதும் தண்ணீர் என்ற வார்த்தை மட்டும் வாயில் நின்றது. அம்மா பூசாரியைக் கூட்டிவந்தாள். அவர் உடுக்கையை அடித்து, "யாரு நீ? சொல்லு" என்றார்.

"தண்ணி" என்றாள்.

"கடல்ல முழுகிச் செத்தவளா நீ?"

"தண்ணி... தண்ணி..."

பூசாரி எங்களைத் திரும்பிப் பார்த்தார். "முழுகிச் செத்தவதான். தண்ணி கேக்குது பாத்தீங்களா? ஒரு சொட்டு குட்த்துராதீங்க. குட்த்தா நெலையா தங்கிடும். வெள்ளிக்கெழம உச்சிக்கு மரத்தாண்ட இட்டாந்துருங்க." அதுவரை கொடுத்துவந்த பாலாடை வெந்நீரும் அன்றோடு நின்றது.

அடப்பாவிகளா! தாகத்தில் கேட்கிற பெண்ணின் வாயிலிருந்து பேயைப் பிடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை நான் கம்பெனிக்குப் போகவில்லை. நானும் அம்மாவும் மங்காவைத் தூக்கிக்கொண்டுதான் போனோம், அவளால் நடக்க முடியவில்லை. தெருவே கூடியிருந்தது. அவளை மரத்தில் சாய்த்து உட்காரவைத்தார்கள். உதடு வெடித்து, நாக்கு தடித்து வெளியே தெரிந்தது. பூசாரி அவள் மயிரைக் கொத்தாகப் பிடித்து ஆணியில் சுற்ற ஆரம்பித்தார். அப்போதுதான் மாமா வந்தார், வேலைக்குப் போகாமல், கையில் கொட்டாப்புளியும் உளியுமாக.

யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. நேராக மரத்துக்குப் போய், நான் பார்த்து முதல் தடவையாக, அதைத் தட்டினார். மரம் பொதபொதவென்றது. சுற்றிப் பின்பக்கம் போய், தோள் உயரத்தில், ஆணி எதுவும் வெளியே தெரியாமல் பட்டை வளர்ந்து மூடியிருந்த ஓர் இடத்தில் உளியை வைத்து ஓங்கி அடித்தார். பட்டை பெயர்ந்து விழுந்தது. உள்ளேயிருந்து தூள் சரசரவென்று கொட்டியது, கட்டைவிரல் தண்டி வெள்ளைப் புழு ஒன்று அதோடு உருண்டு விழுந்தது. கூட்டம் பின்னால் நகர்ந்தது. அவர் கையை விட்டுத் துழாவி ஓர் ஆணியைப் பிடுங்கினார். பச்சை பிடித்த பித்தளை வில்லை, அதைச் சுற்றி நீளமாகக் கறுப்பு மயிர்.

"இது என் பொஞ்சாதி மயிரு" என்றார். "இந்த மரத்துல மொத ஆணி நான் அட்ச்சது. மடியில கெடந்தத எட்த்து அட்ச்சேன். அதுக்கு முன்ன இந்த மரத்துல ஒரு காயம் கெடையாது. ஒரு வண்டு கெடையாது."

பூசாரி வாயைத் திறந்தார். இவர் விடவில்லை.

"அவளும் பெத்துப்போட்டு தண்ணி தண்ணின்னுதான் கத்துனா. பேய் கேக்குதுன்னீங்க. நானும் நம்பிட்டேன். ஆணி அட்ச்சப்புறம் அவ கத்தவே இல்ல. பேய் போய்ட்ச்சின்னு உங்களுக்கெல்லாம் வெத்தலபாக்கு வெச்சேன். வெடியறதுக்குள்ள செத்துட்டா. பேயும் போவல, ஒண்ணும் போவல. கத்தறதுக்குத் தெம்பில்லாதான் கம்முனு கெடந்தா."

பிறகு என் அம்மாவிடம் வந்தார். குரல் தணிந்துவிட்டது.

"நீ சொல்லும்மா. உன் பொண்ணுக்குத் தண்ணி குட்த்தியா?"

"பெத்தவளுக்குக் குடுக்கக்கூடாதுன்னு..."

"மொத காயம் எங்க கீதுன்னு கேக்கறேன்."

அம்மா அவரை வெறித்துப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். தலையில் அடித்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். குடத்தோடு வந்தாள், வழியெல்லாம் சிந்திக்கொண்டு. நான் ஆணியிலிருந்து மங்காவின் மயிரைப் பிரித்தேன். கையில் ஏந்திக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள், அப்புறம் குடத்தையே இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். கடைசியில் என் முகத்தைப் பார்த்து, "எக்கா" என்றாள்.

நான் அழுதேன். அம்மா அழுதாள். கூட்டத்தில் யாரும் அழவில்லை. "கட்டிவெச்ச பேய அவுத்து வுட்டுட்டான்" என்றார் பூசாரி. "கேட்டத்த வேற குட்த்துட்டாங்க. இனிமே நான் பொறுப்பில்ல."

மங்கா மெதுவாகத் தேறினாள். கஞ்சி குடித்தாள், எழுந்து உட்கார்ந்தாள், செத்துப்போன பிள்ளைக்காக அழுதாள். அவள் தேறினால் தெருவுக்குப் புரிந்துவிடும் என்று நான் நம்பியிருந்தேன். எனக்கு அவ்வளவு அறிவு! தெரு வேறு மாதிரி கணக்குப் போட்டது. இவளுக்குச் சரியாகிவிட்டதென்றால் இவளிடமிருந்த பேய் எங்கே போயிற்று? பெண்டாட்டியின் பேயை ஆணியோடு பிடுங்கினானே, அது எங்கே போயிற்று? இரண்டும் அவன் மேல்தான் இருக்கின்றன என்றார்கள்.

கட்டுமரக்காரர்தான் ஆரம்பித்தார். வலையில் மீன் விழாத ஒரு நாளில், கொட்டாப்புளிக்காரர் எதிரில் வந்ததால்தான் விழவில்லை என்றார். அப்புறம் யாரோ ஒரு குழந்தைக்குக் காய்ச்சல், யாரோ ஒருத்திக்குக் கரு கலைந்தது. எல்லாம் அவர் தலையில் விழுந்தது. அவரைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். நல்ல தண்ணீர் கிணறு தெருவுக்கு ஒன்றுதான், அதில் அவர் கயிறு விடக்கூடாது என்று பெண்கள் மறித்துக்கொண்டார்கள். மரக்கிடங்குக்கும் சேதி போய் அங்கேயும் வேலை போயிற்று.

அம்மா ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள். நானும் கூடப் போனேன். அவர் கதவைப் பாதிதான் திறந்தார்.

"எட்த்துனு போயிடும்மா."

"நீ குடிக்காத நான் நவுர மாட்டேன்."

"சொன்னாக் கேளு. மொத வண்டு வந்து குந்திட்ச்சி. இனிமே கூட்டமா வரும். எங்கிட்ட நின்னீன்னா உம்மேலயும் அந்த வாசன ஒட்டிக்கும். வூட்ல பொண்ணு இப்பத்தான் பொழச்சிக் கீது."

கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா குடத்தை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தாள். திரும்பிப் போய்ப் பார்த்தபோது குடம் உடைந்து கிடந்தது. யார் உடைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

நான் கம்பெனிக்குப் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை அவரை இழுத்துக்கொண்டு போனார்கள். நாங்கள் தடுப்போம் என்று முதலில் எங்கள் வீட்டுக் கதவை வெளியிலிருந்து கொக்கி போட்டுவிட்டார்கள். அம்மாவும் மங்காவும் உள்ளே கதவை இடித்துக்கொண்டே கூச்சலைக் கேட்டார்கள், மிச்சத்தைத் தெருவே பிறகு பெருமையாகச் சொன்னது. காலையிலிருந்து வெயிலில் மரத்தோடு சேர்த்துக் கட்டிவைத்திருந்தார்கள். உச்சிவேளையில் பூசாரி உடுக்கையடித்துக் கேட்டார்.

"யாரு நீ? சொல்லு!"

அவர் என்ன சொன்னார் தெரியுமா? "தண்ணி" என்றார்.

"பாரு, அதே பேய்! அதே பேய்!" என்று தெரு கூச்சலிட்டதாம். அவர் குடுமியைச் சுற்றி, அவர் பிடுங்கிப் போட்ட அதே வில்லை ஆணியை அதே ஓட்டையில் வைத்து அடித்து, குடுமியை அறுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லையாம். பேய் போய்விட்டது என்று கட்டை அவிழ்த்து, அவரை அவர் வீட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுக் கலைந்து போனார்கள்.

சாயங்காலம் நான் வந்துதான் எங்கள் வீட்டுக் கொக்கியை எடுத்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால் அவர் தன் வீட்டில் சுவரோரம் ஒருக்களித்துக் கிடந்தார். சொம்பை வாயில் வைத்தேன், தண்ணீர் உள்ளே போகாமல் கடைவாயில் வழிந்தது. என்னைத் தெரிந்ததா என்று தெரியவில்லை. பக்கத்திலிருந்த தூணை விரலால் ஒரு தட்டு தட்டினார், காதைக் கொண்டுபோக முடியவில்லை. பொழுது சாய்வதற்குள் போய்விட்டார். தூக்குவதற்கு ஆள் வரவில்லை. ரயில்வேயில் வேலை பார்த்த என் மாமன் மகன்களை வியாசர்பாடியிலிருந்து வரவழைத்துத்தான் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனோம்.

அவரை எடுத்த மறுநாள் மங்கா தலை குளித்து, ஒரு சொம்பு தண்ணீரை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினாள். அதுவரை வாசலைத் தாண்டாதவள். பின்னாலேயே போனேன். நல்ல உச்சி வெயில், தெரு முழுக்க ஜனம். வாகை மரத்தைச் சுற்றிக்கொண்டு போய், அந்த நரைத்த குடுமி தொங்குகிற ஆணியைப் பிடித்தாள். இழுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. மரம் அவ்வளவு உளுத்துப்போயிருந்தது, ஆணி கையோடு வந்தது. ஒரு பிடி தூளும் கூட வந்தது.

பூசாரி ஓடி வந்தார். "புடுங்காதடி! அவன் ஆவி உம்மேல ஏறிடும்!"

மங்கா குடுமியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"வந்தா வர்ட்டும்" என்றாள். "ஒரு சொம்பு தண்ணி குட்த்து குந்த வெச்சிக்கிறேன்."